மாலை 4 மணிக்கு ஸ்டூல் மேல் ஏறுங்கள்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் அலுவலகங்களை நடத்திச் செல்லும் கண்காணிப்பாளர்களுக்கும், பொதுப் பிரிவு எழுத்தர்களுக்கும், அலுவலக உதவியாளர்களுக்கும்



உங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறேன். குடிநீர் வரவில்லை, பட்டா மாறவில்லை, ஓய்வூதியம் நின்றுபோனது என்று வந்து குவியும் மனுக்களுக்கு நடுவே, கடிகாரம் சரியில்லை என்று ஒரு மனு எழுத யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த மனுக்களைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கடிகாரத்தைத்தான்.

நான் ரயில்வேயில் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். பணிக்காலத்தில் நிலையக் கடிகாரங்களோடு பழகிய கண் என்பதால், எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் பார்வை முதலில் சுவருக்குப் போகிறது. வீட்டு வரி, வாரிசுச் சான்று, பேரனின் ஓட்டுநர் உரிமம் என்று ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்ததில் நான் கண்டது இதுதான்: எந்த இரண்டு கட்டடத்திலும் ஒரே மணி இல்லை. ஓர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், மனு வாங்கும் இடத்தில் 10.20. மாடி ஏறிப் போனால், அதே மனுவுக்கு எண் போடும் அறையில் 10.13. மனு கொடுக்கும் முன்பே அதற்கு எண் விழுந்துவிட்டது என்று அந்த இரண்டு கடிகாரங்களும் சேர்ந்து சொல்கின்றன. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஓர் அலுவலகத்தின் குறை என்று ஆகிவிடும், குறை எல்லாருடையதும்.

எல்லாரிடமும் கைபேசி இருக்கிறதே, சுவர்க் கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். நீங்கள் பார்ப்பதில்லை என்பது உண்மை. உங்கள் முன்னால் கணினி இருக்கிறது. அதன் ஓரத்தில் சரியான நேரம் ஓடுகிறது. சுவரை நம்பியிருப்பவர் கவுன்ட்டருக்கு வெளியே இருப்பவர். உதவித்தொகை கேட்டு லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, திரும்பிப் போகும் பஸ்ஸைக் கணக்குப் பண்ணிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அதைப் பார்க்கிறார். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பப்படும் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு, அறைச் சுவரைத் தவிர வேறு கதி இல்லை. மூன்று மணி நேரத் தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்துக்கு என்ன விலை என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து அறைக்காரனுக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைத்து தனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை எப்படி ஆறும்?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை காலை போய்ப் பாருங்கள். டோக்கன் கையில் இருக்கும், பெயரும் கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் 12 மணி ஆகட்டும் என்று ஒரு குடும்பமே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. ஆயுளில் ஒரு முறை வாங்கும் இரண்டு சென்ட் நிலத்துக்கு அவர்கள் அந்தச் சுவர்க் கடிகாரத்தை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. அவர்களுக்கு உண்டு, அந்த நம்பிக்கைக்கு நீங்கள் மாட்டிவைத்த கடிகாரம் சாட்சி நிற்கிறது.

மருத்துவமனையில் இது இன்னும் கனக்கிறது. குழந்தை பிறந்த நேரத்தைப் பிரசவ அறையில் தாதி சுவரைப் பார்த்துத்தான் எழுதுகிறார். அந்த நிமிடத்தை வைத்து ஒரு ஜாதகம் எழுதப்படும். அந்த ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் கழித்துப் பெண் பார்ப்பார்கள். விபத்தில் அடிபட்டு வருபவருக்கு அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் ஒரு நேரம், வார்டில் சேர்க்கும்போது ஒரு நேரம், அறுவை அரங்கில் ஒரு நேரம், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையில் ஒரு நேரம். நான்கும் நான்கு கட்டடத்துக் கடிகாரங்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் தேடுவது இந்த நேரங்களுக்கு நடுவே இருக்கும் முரணைத்தான். உண்மையாக நடந்ததை உண்மையாக எழுதிய ஒரு தாதியும் ஒரு ஏட்டும், சுவரில் இருந்த கடிகாரம் ஆறு நிமிடம் பிசகியதால் கூண்டில் நின்று திணற வேண்டியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்.

வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருக்கும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அலுவலகத்தில் அது தவறு என்று அழுத்திச் சொல்வேன். உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அது ஐந்து நிமிடம் வேகம் என்று தெரியும், மனத்துக்குள் கழித்துக்கொள்கிறார்கள். தெரியாதவர் வெளியிலிருந்து வருபவர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் ஐந்து நிமிடம் முன்கூட்டியே சாப்பாட்டு இடைவேளைப் பலகை விழுகிறது.

இன்னொன்று, நினைவுப் பரிசுக் கடிகாரங்கள். ஓய்வு பெற்றுப் போகிறவர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டுப் போகிறார். சங்க மாநாட்டில் ஒன்று கொடுக்கிறார்கள். வங்கி ஒன்று தருகிறது. அன்பளிப்பு என்பதால் எந்த இருப்புப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் இல்லாத பொருளுக்குப் பொறுப்பாளரும் இல்லை. செல் தீர்ந்தால் யாராவது தன் காசில் போட வேண்டும். போட்டாலும், நேரம் வைக்கும்போது அவரவர் கையில் இருப்பதைப் பார்த்து ஏறக்குறைய வைத்துவிடுகிறார்கள். அந்த ஏறக்குறையில்தான் முதல் இரண்டு நிமிடம் போகிறது.

நம் ஊருக்கும் கடிகாரத்துக்குமான பழைய உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்திய நேரம் கணக்கிடப்படுவது கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரிக்கு. திருச்சி இருப்பது ஏறத்தாழ 78.7 டிகிரியில். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகும். ஆகவே நம் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 15 நிமிடம் பிந்தியவன். மலைக்கோட்டைக்கு நேர் மேலே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15 மணிக்கு. அதுவும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 12-ஐ ஒட்டி வந்துவிடும், பிப்ரவரி நடுவில் கிட்டத்தட்ட 12.30 ஆகிவிடும். உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய காலத்தில், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்ற கணக்கில், ஸ்ரீரங்கத்தின் நேரம் ஸ்ரீரங்கத்துக்கே சொந்தமாக இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஊரோடு நிமிடக் கணக்கில் ஒத்துப்போக வேண்டிய அவசியம் அப்போது எழவில்லை.

அந்த அவசியத்தைக் கொண்டுவந்தது ரயில். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1802-இல் கணித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது மதராஸ் நேரம் என்று ஆயிற்று. அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் எழுத்தும் பொறித்தது, இன்றும் அங்கே நிற்கிறது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டின் ரயில்கள் மதராஸ் நேரத்துக்கு ஓடின. திருச்சி சூரியனுக்கும் மதராஸ் நேரத்துக்கும் ஆறு நிமிடம் வித்தியாசம். 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரம் வந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் ஊர் நேரத்தை விட மறுத்தன. உலகப் போரின்போது 1942-லிருந்து 1945 வரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். இத்தனை மாற்றத்துக்கும் சுவர்க் கடிகாரங்கள் ஒன்றாக ஈடு கொடுத்திருக்கின்றன. யாரோ ஏறித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்ரீரங்கத்துக்கும் கிழக்கே திருவெறும்பூருக்கும் நடுவே சூரிய நேரத்தில் இருக்கும் வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை. அதாவது, மணியே இல்லாத காலத்தில் அவரவர் இடத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலை ஒழுங்காக அளந்திருந்தால்கூட, இந்த நகரத்தின் இரண்டு முனைகளும் இன்று நம் அலுவலகங்கள் ஒத்துப்போவதைவிட நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

1994-இல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளையும் இணைத்து மாநகராட்சி ஆக்கினார்கள். நிர்வாகம் ஒன்றானது. கடிகாரங்களை மட்டும் யாரும் இணைக்கவில்லை.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் எங்கும் போக வேண்டாம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை 1928 வாக்கில் பொன்மலைக்கு வந்தது. அதன் சங்கு சத்தத்துக்குச் சுற்றுவட்டாரமே சோறு வடித்தது. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. செய்திக்கு முன்னால் வரும் அந்த 'பிப்' ஒலிக்குக் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய முன்மாதிரி, ரயில்வேயின் பொது விதிகளில் இருக்கும் ஒரு விதி. ரயில்கள் அரசு நிர்ணயித்த நேரப்படி ஓட வேண்டும். அந்த நேரம் தினமும் 16.00 மணிக்கு முக்கிய நிலையங்கள் அனைத்துக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது அது. தந்தி காலத்து விதி. தந்தி போய், கன்ட்ரோல் போன் வந்து, அதுவும் மாறி, இன்று பல நிலையங்களில் செயற்கைக்கோளைப் பார்த்து ஓடும் கடிகாரங்கள் வந்துவிட்டன; விதி அப்படியே இருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் திருச்சி கோட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நேரம் சொன்னால், விழுப்புரம் பக்கத்திலும் மயிலாடுதுறையிலும் நாகப்பட்டினத்திலும் இதோ நம் ஸ்ரீரங்கத்திலும் நிலைய அதிகாரிகள் ஒரே நொடியில் அதைக் கேட்டார்கள். தன் நிலையக் கடிகாரம் எத்தனை வேகம், எத்தனை மெதுவு என்று பார்த்து, திருத்தி, எழுதி வைத்தார்கள். வண்டி புறப்படும் முன் கார்டு தன் கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு சரிபார்த்து ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தன்னுடையதை அதற்கு ஒப்ப வைக்க வேண்டும். இதுவும் விதிதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டி விடுபவர்களுக்கு இரண்டு கடிகாரம் இரண்டு மணி சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் கட்டடங்களின் கடிகாரங்களை ஒன்றாக வைத்திருந்தது எந்த இயந்திரம்? யோசித்துப் பாருங்கள். நம்பத் தகுந்த ஓர் ஆதாரம், மாறாத ஒரு வேளை, பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள். இவ்வளவுதான். லண்டனில் ரூத் பெல்வில் என்ற பெண்மணி இதையே பிழைப்பாகச் செய்தார். கிரீன்விச் ஆய்வகத்துக்குப் போய்த் தன் பாக்கெட் கடிகாரத்தைச் சரிபார்த்து, நகரத்துக் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் எடுத்துப் போய்க் காட்டி, நேரம் விற்றார். தந்தியும் வானொலியும் வந்த பிறகும் 1940 வரை அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒரு கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் சுற்றி வந்தால் ஒரு பெருநகரமே ஒத்துப்போகும் என்பதற்கு அவர் போதும்.

பெரிய அலுவலகங்களில் ஒரு காலத்தில் மாஸ்டர் கடிகாரம் இருந்தது. ஓர் அறையில் ஊசல் ஆடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது அனுப்பும் மின் துடிப்பில், கம்பி வழியே இணைத்த எல்லாக் கடிகாரங்களின் முள்ளும் ஒன்றாக ஓர் அடி நகரும். கம்பி எங்காவது அறுந்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும். உடனே ஊரே கவனிக்கும், ஆள் வருவான். சுவிட்சர்லாந்து ரயில் நிலையங்களின் கடிகாரத்தில், சிவப்பு நொடி முள் ஐம்பத்தெட்டரை நொடியில் சுற்றி முடித்து, மேலே நின்று, மாஸ்டரிடமிருந்து துடிப்பு வரும் வரை காத்திருக்கும். இன்றைய செல் போட்ட கடிகாரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. தனியாக ஓடுகிறது, தனியாகப் பிசகுகிறது, பிசகியது யாருக்கும் தெரிவதில்லை.

ஏன் பிசகுகிறது? உள்ளே ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. நல்ல படிகமே மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடி முன்னேயோ பின்னேயோ போகும். ஒன்று முன்னே, பக்கத்து அறையில் ஒன்று பின்னே என்றால், ஒரு வருடத்தில் இரண்டுக்கும் நடுவே ஆறேழு நிமிடம். நான் சொன்ன கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் கணக்கு சரியாக வருகிறது. இதற்கு மேல் திருச்சி வெயில். அந்தப் படிகங்கள் 25 டிகிரி வெப்பத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். அதுவும் 25-இலிருந்து விலகல் இரண்டு மடங்கானால் தளர்ச்சி நான்கு மடங்கு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வரை காயும் வராந்தாச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் இந்த ஒரு காரணத்தாலேயே மாதத்துக்குச் சில நொடி இழக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் என்றால் இன்னும் மோசம். ஏசி போட்ட அதிகாரியின் அறைக் கடிகாரம் ஒழுங்காக ஓட, மக்கள் காத்திருக்கும் வராந்தாக் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே போகிறது. செல் தளர்ந்தால் இன்னொரு அடையாளம் தெரியும்: நொடி முள் 9-ஐ ஒட்டி மேலே ஏற முடியாமல் ஒரே இடத்தில் துடிக்கும். அங்கேதான் முள்ளைத் தூக்க அதிக பலம் வேண்டும். அதைப் பார்த்தால் அன்றே செல்லை மாற்றிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். ஆதாரம் ஏற்கெனவே உங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறது. இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. அரசு அலுவலகங்கள் உட்பட எல்லா நிறுவனங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை அந்த ஆய்வகத்தோடோ தேசிய தகவலியல் மையத்தோடோ இணைத்து வைக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. உங்கள் மேசைக் கணினி அதன்படி இணைந்திருந்தால் அதுவே போதும். தானாக நேரம் வைத்துக்கொள்ளும்படி அமைத்த கைபேசியும் போதும். தொலைக்காட்சியைப் பார்த்து வைக்காதீர்கள். செயற்கைக்கோளுக்குப் போய் வரும் படம் சில நொடி பிந்தித்தான் வரும், இணையத்தில் ஓடும் வானொலியும் அப்படித்தான்.

வேளை, ரயில்வேயின் வேளையே இருக்கட்டும்: மாலை 4 மணி. மாதத்தின் முதல் வேலை நாள். மேலே சொன்ன பிசகுக் கணக்குப்படி, மாதம் ஒருமுறை திருத்தினால் எந்தக் கடிகாரமும் ஒரு நிமிடம் தாண்டாது. ஏப்ரல், மே, ஜூனில் மட்டும் மாதம் இருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவமனைப் பிரசவ அறைக்கும் அவசரப் பிரிவுக்கும் வாரம் ஒருமுறை.

வைக்கும் முறையும் ஒன்று உண்டு. நொடி முள் 12-க்கு வரும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். பின்பக்கத் திருகால் பெரிய முள்ளைக் கோட்டுக்கு நடுவில் விடாமல், வரப்போகும் நிமிடக் கோட்டின் மேல் துல்லியமாக நிறுத்துங்கள். ஆதாரக் கடிகாரத்தில் அந்த நிமிடம் பிறக்கும் நொடியில் செல்லைப் போடுங்கள். நொடி முள் எங்கேயோ இருக்கப் பெரிய முள்ளை மட்டும் தள்ளி வைப்பதால்தான், மாட்டிய அன்றே அரை நிமிடம் பிசகிவிடுகிறது. திருத்தும் முன்பு எத்தனை நொடி முன்பின் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலைந்து மாதத்தில் ஒவ்வொரு கடிகாரத்தின் குணமும் தெரிந்துவிடும். மிக மோசமானதைக் கழித்துவிட்டுப் புதிது கேட்க அந்த நோட்டே ஆதாரமாகும்.

பணம் இருக்கிறது, புது ஏற்பாடே செய்வோம் என்கிற பெரிய வளாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கூரையில் ஜிபிஎஸ் ஏற்பி, உள்ளே நேர சர்வர், கட்டடங்களுக்கு வலைப்பின்னல் கம்பி, அதன் முனையில் கடிகாரங்கள் என்பது நல்ல ஏற்பாடு. எல்லாம் ஒரு நொடிக்குள் ஒத்துப்போகும். நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் தேர்வு நடத்தும் கல்லூரிகளுக்கும் அது தகும். ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரம் உலக நேரத்துக்கு இன்று 18 நொடி முந்தி ஓடுவது; ஏற்பி அதைக் கழித்துக் காட்டுகிறதா என்று பொருத்தியவர்களைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்தால் தானாக நேரம் பிடிக்கிறதா என்று மெயினை அணைத்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் 'ரேடியோ கடிகாரம்' இங்கே உதவாது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அதற்கென ஒலிபரப்பும் நிலையங்கள் உண்டு, இந்தியாவில் இல்லை. இந்திய நேரத்தை நாடெங்கும் கொண்டு சேர்க்க பெங்களூரு உட்பட ஐந்து இடங்களில் மத்திய அரசு ஆய்வகங்களை அமைத்து வருகிறது. அதே நேரத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கும் வரைவு விதிகளும் 2025 தொடக்கத்தில் வெளியாகிவிட்டன. அது வரும்போது வரட்டும். பாட்டி இன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அலுவலக உதவியாளர்களே, இதில் உங்களிடம்தான் நான் அதிகம் பேச வேண்டும். உத்தரவு யார் போட்டாலும் ஏறப்போவது நீங்கள். அதனால் கண்காணிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வேலையை வாய்மொழியாக விடாதீர்கள். கட்டடத்துக்கு ஒருவர் பெயரைப் போட்டு அலுவலக ஆணையாக எழுதுங்கள். செல்லுக்கும் துடைக்கும் துணிக்கும் சில்லறைச் செலவினத்தில் இடம் கொடுங்கள்; அவர் சட்டைப் பையிலிருந்து போக வேண்டாம். அன்பளிப்புக் கடிகாரங்களை எண் எழுதிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஓர் அறைக்கு ஒன்று போதும். மிச்சத்தை இறக்கிவிடுங்கள், கொடுத்தவர் வருத்தப்பட மாட்டார். தன் பெயர் போட்ட கடிகாரம் தப்பு மணி காட்டுவதைவிட அது அவருக்கு மரியாதை. மாநகராட்சியின் ஸ்ரீரங்கம், பொன்மலை, அரியமங்கலம், கோ.அபிஷேகபுரம், திருவெறும்பூர் மண்டல அலுவலகங்கள் ஐந்தும் ஒரே நாளில் தொடங்கினால் மற்றவர்கள் தாமாகப் பின்னால் வருவார்கள் என்று நம்புகிறேன்.

யாருக்காவது முதல் தடவை செய்துகாட்ட ஆள் வேண்டுமானால், ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து நான் வந்துவிடுகிறேன். வரும் மாதத்தின் முதல் வேலை நாளில் தொடங்குங்கள். ஸ்டூலை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். பழைய ஸ்டூல்களின் கால் ஆடும்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து
ஓய்வு பெற்ற ரயில்வே தொலைத்தொடர்பு ஊழியர்